ஒரே சம்படத்து மாத்திரைகள்

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார மாமிக்கு நான் 'ரத்தம் பாக்கறவள்'. மாடிப்படியில் என்னை வழிமறித்து, "நீதான் ரத்தம் பாக்கறவளாச்சே, எனக்கு ஏன் கால் மரத்துப் போறதுன்னு சொல்லேன்" என்பார். நான் ரத்தத்தைக் கண்ணால் பார்ப்பதே கிடையாது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "ஆத்துல இருக்கறவாளுக்குக்கூடப் பாத்துச் சொல்லப்படாதா?" என்று கேட்டுவிட்டு, கோபித்துக்கொண்டு போய்விடுவார். மறுவாரம் மறுபடி அதே கேள்வி.

எனக்கு வந்து சேருவது ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மா. உருக்கி ஆறிய நெய் நிறத்தில், விரல் நீளம்கூட இல்லாத குப்பிகளில், கல்லாக உறைந்து வரும். குப்பியின் மேல் ஓர் எண் இருக்கும். பெயர் இருக்காது. ஆணா பெண்ணா, எந்தப் பேட்டை, வலியில் அழுகிறாரா சிரிக்கிறாரா, எதுவும் இருக்காது. அந்தப் பிளாஸ்மாவுக்குள் ஒரு குறிப்பிட்ட மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, எண்ணுக்கு நேராக இன்னொரு எண்ணை எழுதி அனுப்புவதுதான் என் பிழைப்பு. அடையாற்றில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் பல வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ள வேண்டும். மாஸ் ஸ்பெக் என்று சொல்வோம். மூலக்கூறுகளை எடை போட்டு ஆளை அடையாளம் காணும் கருவி. தெருவுக்கு வரும் மெட்ரோ தண்ணீர் லாரியில் யாரோ நாலு ரவை சர்க்கரையைப் போட்டுவிட்டுப் போனால், அந்த லாரியிலிருந்து ஒரே ஒரு சொட்டு எடுத்துக் கொடுத்தாலும் கண்டுபிடித்துவிடும். அதனாலேயே அதற்கு ஏகப்பட்ட பிகு. கையில் கிரீம் தடவக் கூடாது, சென்ட் கூடாது, பவுடர் கூடாது. வெள்ளிக்கிழமையானாலும் நான் தலையில் பூ வைப்பதில்லை. அதற்கும் மாமி ஏதோ காரணம் கற்பித்து வைத்திருக்கிறார் என்று கேள்வி.

அந்த வருஷம் எங்களுக்கு வந்த வேலை, முடக்குவாதத்துக்கான ஒரு புது மாத்திரை. கை மூட்டுகள் வீங்கி, விரல்கள் மடங்கிப் போகிறவர்களுக்கு. ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு புகுந்து குழப்பிவிடும். ஆய்வு முழுவதும் முடிந்த பிறகுதான் சீட்டைப் பிரிப்பார்கள்.

எங்கள் கதை வேறு. ரத்தத்தில் மருந்து இருந்தால் மெஷின் காட்டிவிடும், இல்லாவிட்டால் இல்லையென்று காட்டிவிடும். ஆக, எந்த எண்ணுக்கு நிஜம், எந்த எண்ணுக்கு மாவு என்பது எங்களுக்கு மட்டும் தெரிந்துபோகும். அதனால்தான் எங்களுக்கு வாய்ப்பூட்டு. ஆய்வகத்துக் கதவுக்கு வெளியே மூச்சு விட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அது எனக்கு ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. குப்பியில் இருக்கும் எண்ணிடம் போய் யார் வம்பளக்கப் போகிறார்கள்?

முதல் இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக வந்தது. பதினேழாம் எண்ணில் மருந்து நிறைவாக இருந்தது. இருபத்து மூன்றாம் எண்ணில் மருந்தின் வாசனைகூட இல்லை. மூன்றாம் மாதம் பார்த்தால், பதினேழில் மருந்து பாதியாக இறங்கியிருக்கிறது. இருபத்து மூன்றில் எங்கிருந்தோ பாதி முளைத்திருக்கிறது. மாவு தின்கிறவர் ரத்தத்தில் மருந்து எப்படி வரும்?

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம், அதுவும் என் மேலேயே. மருந்து அதிகமாக இருக்கும் குப்பியை அளந்த கையோடு அடுத்ததை அளந்தால், முந்தியதன் மிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. சாம்பார்க் கரண்டியை ரசத்தில் விட்ட மாதிரி. அதுவோ என்று பார்த்தேன். இல்லை. கரைசல்களைப் புதிதாகக் கலக்கினேன். அனுமதி வாங்கிக்கொண்டு திரும்ப அளந்தேன். அதே பாதி, அதே பாதி. நாலாம் மாதக் குப்பிகளும் அப்படியே சொல்லின.

எங்கள் பிரிவுத் தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் இரக்கமில்லாமல் சரியாகப் பேசுவார். "ஒண்ணு உன் தப்பு, இல்ல ரத்தம் எடுக்கறவங்க தப்பு. உன் தப்பில்லன்னா போய்ப் பாத்துட்டு வா" என்றார். அந்த இரண்டு எண்காரர்களும் ரத்தம் கொடுக்கும் கிளினிக்கில் விசாரித்தாயிற்று, இருவரும் மாதாமாதம் மிச்ச மாத்திரையைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள், எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகவில்லை என்றார்கள். அப்படியானால் ரத்தம் பிடிக்கும் டியூப்களில் எண்சீட்டு மாறியோ ரத்தம் கலந்தோ இருக்க வேண்டும். எண்களின் ரகசியம் தெரிந்த என்னை அங்கே அனுப்பியிருக்கக் கூடாது. ஆனால் வேறு ஆளில்லை. "டியூபை மட்டும் பாரு. பேஷன்ட் யார்கிட்டயும் பேச்சு வச்சுக்காதே" என்று சொல்லி அனுப்பினார்.

கிளினிக் நந்தனத்தில், அண்ணா சாலையிலிருந்து திரும்பும் ஒரு கிளைத்தெருவில், முதல் மாடியில் இருந்தது. கதவு திறக்க நேரமிருந்தது. மாடிப்படியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து வழியை அடைத்திருந்தார்கள். இருவருக்கும் நடுவே ஓர் எவர்சில்வர் சம்படம், திறந்து கிடந்தது. அதற்குள் வெள்ளை மாத்திரைகள். பக்கத்தில் மூடி கழற்றிய இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள். சம்படத்திலிருந்து ஒவ்வொரு மாத்திரையாக எடுத்து, "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று இரண்டு டப்பாக்களிலும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா அப்டிப் பாக்குற? திருட்டு மாத்திரை இல்ல. டாக்டரு குடுத்ததுதான்" என்றார் இருவரில் இளையவர். அவர் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பவர் என்பது பிறகு தெரிந்தது. நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் கை. மூத்தவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளைத் திரும்ப மடித்து வைப்பவர். எனக்கு இருவர் பெயரும் தெரியும். இங்கே மீன்கார அக்கா, புடவைக்கடை அக்கா என்றே சொல்லிக்கொள்கிறேன்.

"ரெண்டு பேர் மாத்திரையையும் கலந்துட்டீங்களா?" என்று கேட்டேன். பேசாதே என்று சொல்லியிருந்தது அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ.

"பின்ன?" என்றார் மீன்கார அக்கா. "ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்கு சும்மாத்துக்கும்னு அவங்களே சொல்லித்தான சேத்தாங்க. எனக்கு மொத மாசத்துலயே கை தெறந்துக்கிச்சு. இந்த யக்காவுக்கு ஒண்ணியும் இல்ல. வலி தாங்காம அயுவுது. அப்போ மருந்து என் டப்பாவுலதான கீது? நான் மட்டும் துன்னுகினு, இது அயுவுறத பாத்துகினு குந்தியிருக்க சொல்றியா? அதான் ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிட்டேன். காலைல பஸ்ஸு ஏறுனதும் ஆளுக்கு ஒண்ணு. மிச்சத்த இங்க எண்ணிக் காட்டணும்ல, அதுக்குத்தான் இப்போ பிரிக்கிறோம்."

புடவைக்கடை அக்கா வெட்கப்பட்டதுபோல் சிரித்தார். "நான் வேணான்னுதாம்மா சொன்னேன். கேக்க மாட்டேன்னுட்டா."

இருவரும் ஆற்றோரத்தில் எதிரெதிர் வாசலில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தவர்கள். ஆற்றோரத்தைக் காலி செய்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பியபோது, ஒருவருக்கு மூன்றாவது மாடி, இன்னொருவருக்கு எட்டாவது மாடி விழுந்தது. லிஃப்ட் பெயருக்கு இருக்கிறது. அதனால் பார்த்துப் பேசுவது எல்லாம் காலை பஸ்ஸில்தான். மாத்திரையும் பஸ்ஸில்தான்.

நான் டப்பாக்களைப் பார்த்தேன். லேபிளில் எண் இருந்தது. புடவைக்கடை அக்காவின் கையில் இருந்தது பதினேழு. மீன்கார அக்காவின் மடியில் இருந்தது இருபத்து மூன்று.

 மருந்து இருந்தது புடவைக்கடை அக்காவின் டப்பாவில். மீன்கார அக்கா முதல் இரண்டு மாதம் தின்றது முழுக்க மாவு. நல்ல மருந்து என்று நம்பித் தின்றால் மாவிலும் கொஞ்ச நாள் வலி குறையும். அது பொய்யில்லை, உடம்பு அப்படித்தான். அந்த நிஜ மருந்தோ உள்ளே போய் வேலையைத் தொடங்கவே இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளும். ஆக, மருந்து கிடைத்தவர் வலியில் அழுதிருக்கிறார். மாவு கிடைத்தவர் கை திறந்ததென்று சந்தோஷப்பட்டு, தன்னிடம் இருந்ததைப் பாதியாகப் பகிர்ந்திருக்கிறார். பகிர்ந்ததில் புடவைக்கடை அக்காவின் நிஜ மருந்தில் பாதி மீன்கார அக்காவுக்குப் போய்விட்டது. அதற்குள் அந்தப் பாதி மருந்தே வேலை செய்யத் தொடங்கி, புடவைக்கடை அக்காவின் விரல்களும் நீள ஆரம்பித்திருக்கின்றன. "இவ குடுக்க ஆரம்பிச்சதுக்கப்புறந்தாம்மா எனக்கு விரலு மடங்குது, நிமிருது" என்று கையைத் திறந்து மூடிக் காட்டினார் அக்கா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மெஷின் தப்புச் செய்யவில்லை என்று அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு சந்தோஷமும் வந்தது. அது வந்த வேகத்திலேயே போய்விட்டது. ஏனென்றால் கதவைத் திறக்க வந்த நர்ஸ் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

டாக்டர் கத்தவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் சாப்பிட்டா எவ்ளோ ஆபத்து தெரியுமா?" என்றார். மீன்கார அக்காவுக்குப் புரியவே இல்லை. "ஒரே நோவுதான சார்? ஒரே மாத்திரைதான?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு டாக்டர் சொன்ன பதிலும் நியாயமானதுதான். ஆய்வை நடத்தும் மேலிடத்துக்கு எழுதியாக வேண்டும், அவர்கள் மன்னித்தால் தொடரலாம் என்று சொல்லிவிட்டு, அந்த மாதத்துப் புது டப்பாக்களைக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு டப்பா, கலக்கவே கூடாது என்று மூன்று தரம் சொன்னார். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டினார்கள்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது அவர்களும் அங்கே இருந்தார்கள். நான் ஆய்வகத்திலிருந்து வந்தவள் என்பது உள்ளே பேசியதில் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. புடவைக்கடை அக்கா டீ கிளாஸை வலது கையாலேயே பிடித்திருந்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆய்வுக்கு வருவதற்கு முன்னால் பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அவருடைய ஈரலுக்கு ஒத்துக்கொள்ளாமல் மஞ்சள் காமாலைவரை போய் நிறுத்திவிட்டார்களாம். ஊசி போட்டுக்கொள்ள வசதியில்லை. புடவை மடிக்க முடியாவிட்டால் கடையில் வேலை இல்லை. "இதான்மா கடைசி" என்றார். ஏதோ பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஏம்மா, இந்த ரெண்டு டப்பாவுல எதுல மருந்து கீதுன்னு உங்க மெஷினு சொல்லுமா?" என்று கேட்டார் பிறகு.

"சொல்லும்க்கா."

"அப்ப பாத்து சொல்லேன். ரெண்டுத்துலருந்தும் ஒவ்வொண்ணு தரேன்."

"மாத்திரையைப் பொடிச்சுக் கரைச்சாத்தான் சொல்லும்க்கா. அப்புறம் அதைத் திங்க முடியாது."

அக்கா சிரித்துவிட்டார். "அப்ப இன்னாத்துக்கு அந்த மெஷினு?"

"அத இன்னாத்துக்கு யக்கா கேக்குற?" என்றார் மீன்கார அக்கா. "மருந்து என் டப்பாவுலதான் கீது. உன் டப்பா சும்மா மாவு. டாக்டரு சொல்றாருன்னு நான் தனியா துன்னேன்னா உனுக்கு கை மடங்கிப் பூடும். எனக்கு மனசு வருமா?" கையில் இருந்த டப்பாவைத் திறந்து, அங்கேயே, டீக்கடை வாசலிலேயே, சம்படத்தில் கொட்டினார். அக்கா கொஞ்சம் தயங்கிவிட்டுத் தன் டப்பாவையும் கவிழ்த்தார்.

என் கண்ணெதிரே இது நடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் டப்பாதான் அக்கா, கொட்டாதீர்கள் என்றால் முடிந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். என் வேலை போவது இருக்கட்டும். அந்த ஆய்வில் இருக்கிற அத்தனை பேருடைய மாதங்களும் வீணாகும். அதுவும் இருக்கட்டும். மீன்கார அக்காவின் முகத்தைப் பார்த்து, நீங்கள் கொடுத்ததெல்லாம் மாவு, தின்றதுதான் மருந்து என்று எந்த வாயால் சொல்வது? சொன்ன பிறகு புடவைக்கடை அக்கா மட்டும் தனியாகத் தின்றுவிடுவாரா என்ன? கலக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதையே திரும்பச் சொன்னேன்.  "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே புடவைக்கடை அக்கா சம்படத்தைக் குலுக்கி மூடினார்.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் பிரிவுத் தலைவரிடம் சண்டைக்குப் போனேன். சண்டை என்று நான்தான் சொல்கிறேன், அவர் குரலையே உயர்த்தவில்லை.

"பதினேழுக்காவது தொடர்ந்து கொடுக்கச் சொல்லுங்க சார். அவங்களுக்கு அது வேலை செய்யுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கையைப் பார்த்தேன் சார். டீ கிளாஸ் பிடிக்கிறாங்க."

"இருபத்து மூணுக்கும்தான் மொத மாசம் கை திறந்துச்சு. அது மாவு. வேலை செய்யுதா இல்லையான்னு தெரியாமத்தான் இவ்ளோ பேருக்கு ரத்தம் எடுத்துக்கிட்டிருக்கோம். நீ ஒரு கையைப் பார்த்து முடிவு பண்ணிட்டா நாம எதுக்கு?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. எனக்கு அழுகையாக வந்தது. கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினேன்.

ஒரு வாரத்தில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. இருவரையும் ஆய்விலிருந்து நீக்க வேண்டும். மாத்திரைகளைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து, மருந்து உடம்பை விட்டுப் போய்விட்டதா என்று பார்க்கக் கடைசியாக ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். டாக்டர் இருவருக்காகவும் இரண்டு தடவை எழுதிப் பார்த்தாராம். நர்ஸ்தான் போனில் சொன்னாள். மாத்திரையைத் திருப்பித் தரும்போது எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது என்றும் சொன்னாள். குழாயடியில் சம்படம் கவிழ்ந்து தண்ணீரில் கரைந்துவிட்டதென்று புடவைக்கடை அக்கா சொன்னாராம். நர்ஸ் நம்பினாளோ இல்லையோ, அப்படியே எழுதிக்கொண்டாள். தரும்போது மீன்கார அக்கா எல்லோரையும் திட்டினாராம். 

ஒரு மாதம் கழித்து அந்தக் கடைசிக் குப்பிகள் வந்தன. இரண்டையும் மற்றவற்றோடு சேர்த்து மெஷினில் ஏற்றிவிட்டு, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார வேண்டிய அவசியமே இல்லை. அது பாட்டுக்குத் தானாக ஓடும். இரண்டிலும் ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மருந்தின் சுவடு இரண்டு வாரத்துக்கு மேல் உடம்பில் நிற்காது.

பதினேழில் ஒன்றுமே இல்லை. திரையில் கோடு தரையோடு தரையாகப் போயிற்று. இருபத்து மூன்றில் முகடு எழுந்தது. பழைய உயரம். அதே பாதி.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சம்படம் எந்தக் குழாயடியிலும் கவிழவில்லை. ஒளித்து வைத்த மாத்திரைகள் முழுவதையும் புடவைக்கடை அக்கா மீன்கார அக்காவிடமே கொடுத்துவிட்டார். அவர் தினமும் ஒன்று தின்றுகொண்டிருக்கிறார். நிஜமும் மாவும் கலந்து கிடப்பதால் ஒருவரே தின்றாலும் பாதிதான் ஏறும். தனக்கென்று அக்கா ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு நுணுக்கமான கருவி, பத்து நாளைக்கு முன்னால் ஒரு மாத்திரை தின்றிருந்தாலும் காட்டிக்கொடுத்திருக்கும். நான் கோட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏதாவது ஒரு சின்ன மேடு தெரியாதா என்று தேடினேன்.

பிரிவுத் தலைவரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "டாக்டருக்குச் சொல்லிடறேன். நம்ம கணக்குல இந்த ரெண்டும் சேராது, நீக்கினவங்க" என்றார். பிறகு, "விடு" என்றார். டாக்டர் போன் செய்தபோது, மாத்திரை எதுவும் இல்லை, எல்லாம் தீர்ந்துவிட்டது என்றாராம் மீன்கார அக்கா.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் தி.நகருக்குப் போகிறவர்களைக் கிண்டல் பண்ணுகிறவள் நான். அந்த வருஷம் நானே போனேன். நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை என்று வீட்டில் சொன்னேன். புடவை மயிலாப்பூரிலேயே கிடைக்கும்.

இரண்டாவது மாடியில், கலைந்து கிடந்த புடவை மலைக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தார். வலது கை முஷ்டியாக மடங்கி, வீங்கி இருந்தது. புடவையின் ஒரு முனையைத் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு முழங்கைகளாலும் நீவி, இடது கையால் மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பெண் மூன்று மடிக்கும் நேரத்தில் அவர் ஒன்று மடித்தார். என்னைப் பார்த்ததும் தாடையிலிருந்து புடவை நழுவியது.

"அட, மெஷினம்மா!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"கை எப்படிக்கா இருக்கு?"

"பாக்குறியே. தீவாளி வரைக்கும் வச்சிக்கிறேன்னு கடைல சொல்லிகீறாங்க. அப்பால வாசல்ல பை வாங்கி வக்கிற வேலை இருந்தா குடுக்குறேன்னாங்க." சொல்லிவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "உன் மெஷினு சொல்லிருக்கும், உங்கிட்ட மறைக்க முடியாது. மாத்திரை தண்ணில போவல. அவகிட்ட குடுத்துட்டேன். அவுளுக்குக் கை நல்லா கீது. நேத்துகூட பஸ்ஸுல எனக்கு வெத்தல மடிச்சுக் குடுத்தா."

"நீங்களும் பாதி வச்சிருந்திருக்கலாமே அக்கா."

"எப்டிம்மா?" என்றார். நான் ஏதோ அசட்டுத்தனமாகக் கேட்டதுபோல என்னைப் பார்த்தார். "அது அவ மருந்து. அவ டப்பாவுலதான கீது. எனுக்கு மாவுன்னு தெரிஞ்சும், அவுளுதப் பாதி எடுத்து எனுக்கு இத்தினி மாசமா குடுத்துகினு இருந்தா. யாரு குடுப்பா சொல்லு? இனிமே வராதுன்னு ஆனப்புறம் அவுளுத நான் துன்னா நல்லாருக்குமா? அவுளுத அவுளுக்கே குடுத்துட்டேன். ஏம்மா, நான் பண்ணது சரிதான?"

என் பின்னால் யாரோ, இந்தப் புடவை வேறு நிறத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என் முகத்தையே பார்த்தார். அவருடைய மருந்து. அவருடைய டப்பா. பதினேழு. 

"சரிதான்க்கா" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, நழுவின புடவையைக் குனிந்து எடுத்தார். மடங்கிய கையில் அது நிற்கவில்லை, மறுபடி விழுந்தது. நான் தரையிலிருந்து அதன் ஒரு முனையை எடுத்துக்கொண்டேன். அவர் மறுமுனையை இடது கையில் பிடித்துக்கொண்டார். இருவருமாக மடித்தோம். அது முடிந்ததும் அடுத்ததை எடுத்தோம்.